வேடந்தாங்கலில் ஒரு வர்ணப் பெட்டி

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு வரக்கூடிய தொல்லைகள் பல உண்டு. கண் மங்குவது, முழங்கால் வலிப்பது, நடு இராத்திரியில் தூக்கம் கலைவது முதலியவை எல்லாரும் அறிந்தவை. ஆனால் திடீரென்று ஒருநாள் வர்ணப் பெட்டியையும் தூரிகையையும் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட ஆடு மாடுகளையெல்லாம் சித்திரம் எழுத ஆரம்பிக்கும் தொல்லையைப் பற்றி எந்த வைத்தியரும் நம்மிடம் சொன்னதில்லை. அந்தத் தொல்லை நமக்கு வந்து இரண்டு வருஷமாகிறது.

அது வந்த வரலாறு சுருக்கமானது. நம் குமாரியின் பிறந்த நாளுக்காகப் பன்னிரண்டு கட்டிகள் கொண்ட நீர்வர்ணப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். குழந்தை இரண்டு நாள் உற்சாகமாக நீல நிறப் பசுவும் பச்சை நிற யானையும் எழுதினாள். மூன்றாம் நாள் பெட்டி அலமாரிக்குப் போய்விட்டது. ஐப்பசி மாதத்து அடைமழையில், வெளியே போக வழியில்லாத ஒரு மாலையில், நாம் அதை எடுத்துத் திறந்தோம். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பசு மழைக்கு ஒதுங்கி நின்றது. அதை எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றிற்று.

பசுவைப் பற்றி வியாசம் எழுத மாணாக்கர்களுக்கு எத்தனையோ தடவை கற்பித்திருக்கிறோம். பசு சாதுவான பிராணி. அதற்கு நான்கு கால்களும் இரண்டு கொம்புகளும் உண்டு. ஆனால் அந்த நான்கு கால்களும் உடம்பில் எந்த இடத்தில் எப்படிச் சேருகின்றன, காது கொம்புக்கு மேலா கீழா, வால் எங்கே தொடங்குகிறது என்பவையெல்லாம் நமக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதி முடித்த படத்தை நம் மனையாள் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கட்டில் நன்றாக வந்திருக்கிறது" என்றாள்.

அதற்குப் பிறகு அணில், காக்கை, வெள்ளாட்டுக்குட்டி, மதில் மேல் தூங்கும் பூனை என்று நம் வித்தை மெல்ல மெல்ல வளர்ந்தது. இதைக் காட்டிலும் செலவு குறைந்த பொழுதுபோக்கு வேறில்லை. ஆறு வர்ணங்கள், இரண்டு தூரிகைகள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பழந்துணி: இவ்வளவே மூலதனம். ஆனால் நீர்வர்ணம் மிகவும் கண்டிப்பான எஜமானன். எண்ணெய் வர்ணத்தில் ஒரு தவற்றின்மேல் வேறு வர்ணத்தைப் பூசி மறைத்துவிடலாம். நீர்வர்ணமோ கண்ணாடி போன்றது. அடியிலுள்ளதை மேலேயுள்ளது மறைக்காது. வெளிச்சமான நிறத்தை முதலில் இட்டு, அது உலர்ந்த பிறகு அடுத்த நிறத்தை இட்டு, கருமையைக் கடைசியில் வைக்க வேண்டும். வெள்ளைக்குத் தனி வர்ணமே கிடையாது. காகிதத்தின் வெண்மைதான் வெள்ளை. வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் கை வைக்காமல் இருப்பதே அதை எழுதும் முறை. சும்மா இருக்கத் தெரியாதவனுக்கு நீர்வர்ணம் வராது.

கீரியும் தூரிகையும்

"தெருப் பூனையையே எத்தனை நாள் எழுதுகிறது? நிறம் நிறமாக ஏதாவது பிராணியை எழுதினால் சுவரில் மாட்டலாம்" என்று வீட்டில் ஓர் அபிப்பிராயம் பிறந்தது. அதன் பயனாகச் சென்ற தை மாதத்தில் வேடந்தாங்கலுக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. அந்த ஏரியில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் அது.

பிரயாணத்துக்கு முன்பு நல்ல தூரிகை ஒன்று வாங்கச் சென்னைக்குப் போனோம். ஒரு கடைக்காரர் நம்முடைய வயதையும் ஆர்வத்தையும் கண்டு இரக்கங்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். "இதெல்லாம் இப்போது கிடைக்காது சார். கீரி முடி!" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கீரி காக்கப்பட்ட பிராணி; அதைப் பிடிப்பதும் அதன் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒரு கீரியின் உடம்பிலிருந்து தூரிகைக்கு உதவும் முடி சொற்பமே கிடைக்கும். ஆகவே ஒரு சிறு கட்டுத் தூரிகைக்குப் பின்னால் பல கீரிகளின் உயிர் நிற்கிறது. நாம் அந்தத் தூரிகையின் நுனியை விரலால் தடவிப் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது பக்கத்தில் நின்ற நம் மனையாள், "என்னங்க, கீரியைக் கொன்ற கோலால் நாரையை எழுதவா போகிறீர்கள்?" என்று கேட்டாள். செயற்கை இழையில் செய்த தூரிகை இரண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அவை தண்ணீரை நன்றாகவே பிடிக்கின்றன. தவறுகள் யாவும் பிடித்த கையைச் சேர்ந்தவை.

காகிதம் மட்டும் கைக்காகிதமாக வாங்கினோம். பருத்தித் துணிக் கத்தரிப்புகளைக் கூழாக்கி, சல்லடையில் வார்த்து உலர்த்தும் காகிதம் அது. 1934-இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உயிர்ப்பிக்க முனைந்த தொழில்களில் இதுவும் ஒன்று. மரக்கூழ்க் காகிதம் தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் சுருளும். சதுர மீட்டருக்கு 300 கிராம் நிறையுள்ள பருத்திக் காகிதமோ குளித்து எழுந்தாலும் நிமிர்ந்து நிற்கும்.

ஏரிக்கரையில்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்தின் பக்கத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். செங்கற்பட்டு வரையில் ரயிலிலும், பிறகு பஸ்ஸிலும் போனோம். திருச்சி நெடுஞ்சாலையைவிட்டுப் படாளத்தில் திரும்பியதும் உலகமே வேறாகிவிடுகிறது. இரு பக்கமும் நெல் வயல்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கின்றன. வரப்பு ஓரங்களில் மடையான்கள் சேற்று நிறத்தில் ஒடுங்கி நின்று, பஸ் சப்தம் கேட்டதும் வெண்சிறகை விரித்துப் பறக்கின்றன. உட்கார்ந்தால் மண், எழுந்தால் பால்! இதை எப்படி எழுதுவது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊர் வந்துவிட்டது.

தொண்டைநாட்டில் சிறிய ஏரியைத் தாங்கல் என்பார்கள். வேடந்தாங்கல் என்ற பெயருக்கு வேடர்களின் ஊர் என்று பொருள் சொல்லுகிறார்கள். வேடனுடைய பெயரைச் சுமந்த ஊர் பறவைகளுக்கு அடைக்கலம் தருவது ஒரு விசித்திரமே. ஏரி மொத்தம் சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். நீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. கரையின்மீது நிழல் மரங்களுக்கு அடியில் நடந்து போகலாம். ஒரு காட்சிக் கோபுரமும் இருக்கிறது. ஏரிக்குள்ளே மனிதனுக்கு வேலையில்லை.

முதலில் நம்மை வரவேற்றது காட்சியல்ல, சப்தம். ஆயிரம் குழந்தைகள் ஒரே சமயத்தில் பலகையைத் தட்டினால் எப்படியிருக்கும்? அதன் நடுவே பன்றி உறுமுவதுபோலவும், தவளை கத்துவதுபோலவும் விதவிதமான குரல்கள். பிறகு கண்ணைத் தூக்கினால், மரங்களில் இலை எது, பறவை எது என்று தெரியவில்லை. உச்சியில் கூழைக்கடா தாடையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே நத்தைகுத்தி நாரை. அதன் அலகின் நடுவில் பாக்குவெட்டி போன்ற ஓர் இடைவெளி. கரண்டிவாயன் உண்மையிலேயே கரண்டியை முகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அரிவாள்மூக்கனின் கழுத்து கருந்தோல்; உடம்பு தும்பைப்பூ. இராக்கொக்கு சிவந்த கண்ணை அரைவாசி மூடிப் பகல் தூக்கம் போடுகிறது. நீர்க்காகம் ஈரச் சிறகுகளை விரித்து, மரக்கொம்பையே கொடியாக்கி உலர்த்துகிறது.

கரையில் ஒரு முதியவர் நின்றிருந்தார். அந்த ஊர்க்காரர். "வெளிநாட்டுப் பறவைகள் எவை, ஐயா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்கறாங்க. அதோ தண்ணியில மிதக்குது பாருங்க, வாத்து. ஊசிவால், நீலச்சிறகி. அதுங்க வடக்கே ரொம்ப தூரத்திலேருந்து வருது. மரத்து மேல கூடு கட்டறது எல்லாம் நம்ம பறவைதான்."

அவர் சொன்னது உண்மை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஹிமயத்துக்கு அப்பாலிருந்து குளிருக்காக வந்து போகிறவை. இங்கே கூடு கட்டுவதில்லை. நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் முதலியவை நம் தேசத்து நீர்நிலைகளிலேயே வாழ்ந்து, மழை பெய்து ஏரி நிரம்பிய இடங்களைத் தேடிச் சென்று இனம் பெருக்குகிறவை. அழகாக எது இருந்தாலும் அது கடல் கடந்து வந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் வழக்கம் நம்மைவிட்டு இன்னும் முற்றும் போகவில்லை.

பறவைகளுக்கும் ஊராருக்கும் உள்ள உறவு பழையது. 1798-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர், இந்த ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமை கிராமத்தாருக்கு உண்டென்று ஒப்புக்கொண்டார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் கலெக்டரிடம் சென்று வாதாடி அந்த உத்தரவைப் பெற்றார்கள் என்று சொல்லப்படுகிறது. "உரிமையை வழங்கினார்" என்று சரித்திரப் புத்தகத்தில் எழுதுவது வழக்கம். அவர்களிடம் ஏற்கனவே இருந்ததை அவர் எப்படி வழங்க முடியும்? ஏட்டில் குறித்துக் கொடுத்தார் என்பதே சரி. 1936-இல் சர்க்கார் இதைப் பறவைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலைகளின் வரிசையிலும் இது சேர்ந்தது. ஆனால் ஊராரின் அன்பு வெறும் கருணையல்ல. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து, மதகு வழியே வயலுக்குப் போய் நல்ல உரமாகிறது. பறவை மரத்தைப் பெறுகிறது. உழவன் உரத்தைப் பெறுகிறான். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் இருநூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது.

இளஞ்சிவப்பு முதுகு

ஒரு புளியமரத்து நிழலில் ஜமக்காளத்தை விரித்துக் கடையைப் பரப்பினோம். ஓடியாடும் பிராணியை எழுதுவதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒரே படத்தைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது. ஒரே தாளில் நாலைந்து படங்களைத் தொடங்கி வைத்துவிட வேண்டும். பறவை கழுத்தைத் திருப்பினால் இரண்டாவது படம். சிறகைக் கோதினால் மூன்றாவது படம். சிறிது நேரத்தில் அது பழைய நிலைக்கே திரும்பி வரும். அப்போது முதல் படத்தைத் தொடரலாம். பறவைக்கும் மனிதனைப்போலவே வழக்கமான சில நிலைகள்தான் இருக்கின்றன.

எழுதுவதற்கு எது தகுந்ததென்று தொலைநோக்கிக் கண்ணாடியை மரம் மரமாகத் திருப்பிக்கொண்டே வந்தோம். ஒரு நீர்க்கடம்பின் மேல் கண்ணாடி நின்றது. அங்கே ஒரு பெரிய நாரை. முகம் ஆரஞ்சு நிறம். அலகு நீண்டு, தடித்து, நுனியில் சற்றே வளைந்து, நல்ல மஞ்சள். மார்பின் குறுக்கே கறுப்பு வெள்ளைச் செதில்களால் பட்டை கட்டியிருக்கிறது. கரும்பச்சைச் சிறகில் வெண்கோடுகள். வாலுக்குச் சற்று மேலே, முதுகின் பின்புறத்தில், யாரோ ரோஜா இதழ்களைக் குவித்து வைத்ததுபோல் இளஞ்சிவப்பு.

"அப்பா, இதற்கு யார் வர்ணம் பூசினார்கள்?" என்றாள் குழந்தை.

நாம் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டோம். நமக்கு ஒரு பழைய சித்திரம் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு முந்தின ஆகஸ்டு மாதத்தில், சுதந்திர தின விழாவுக்காக நம் பள்ளியில் சித்திரப் போட்டி நடந்தது. விஷயம், "நம் நாட்டுப் பறவை." நாம்தான் நீதிபதி. பெரும்பாலோர் மயிலும் கிளியும் எழுதியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் நாரை எழுதியிருந்தான். நல்ல கை, கழுத்தின் வளைவில் உயிர் இருந்தது. ஆனால் அலகுக்கு மஞ்சள் தீட்டி, முதுகின் கோடியில் இளஞ்சிவப்பை அள்ளி வைத்திருந்தான். நாம் அவனைக் கூப்பிட்டு, "நாரைக்கு அலகு என்ன நிறம்? பாடத்தில் படிக்கவில்லையா?" என்று கேட்டோம். "இப்படித்தான் சார் இருக்கும்" என்றான். "எங்கே இருக்கும்?" என்றோம். "எங்க மாமா ஊர்ல, சார்" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். சிவப்புப் பென்சிலால் முதுகைச் சுழித்து, "கற்பனை அதிகம்" என்று ஓரத்தில் எழுதினோம். பரிசு ஒரு மயிலுக்குப் போயிற்று. அவனுடைய மாமா ஊர் எதுவென்று நாம் கேட்கவே இல்லை.

இப்போது நமக்கு எதிரே, நூறு கெஜ தூரத்தில், அந்தச் சித்திரம் மரத்தின்மேல் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, அந்த மரம் முழுதும் அதே மஞ்சள், அதே இளஞ்சிவப்பு. பக்கத்திலிருந்த முதியவரைப் பார்த்து, "இது என்ன பறவை?" என்றோம், நம் குரல் நமக்கே கேட்கவில்லை. "மஞ்சமூக்கு நாரை சார். வருஷா வருஷம் வருதே!" என்றார் அவர்.

நாம் கேட்ட "பாடம்" எது என்று நேயர்கள் ஊகித்திருப்பார்கள். வறுமையில் வாடி, மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, வானத்தில் போகும் நாரையை விளித்து மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பிய சத்திமுத்தப் புலவரின் பாட்டு. அதில் வரும் நாரைக்குச் சிவந்த கால், பவளம்போன்ற அலகு. அந்த அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கைப் புலவர் உவமை சொல்லுகிறார். இருபது வருஷமாக அந்தப் பாட்டை நடத்திவருகிறோம். உவமேயம், உவமானம், பொதுத்தன்மை என்று கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறோம். ஆனால் பனங்கிழங்கைப் பிளந்து கையில் வைத்துக்கொண்டு ஒரு நாரையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவையாவது தோன்றியதில்லை. புலவர் தாம் கண்ட நாரையைச் சொன்னார். அவர் சொன்னது சரி. பையன் தான் கண்ட நாரையை எழுதினான். அவன் எழுதியதும் சரி. நாரையில் ஒரு ஜாதிதான் உண்டென்று நாம் தீர்மானித்திருந்தோம். மூவரில் நாரையைப் பார்க்காதவர் நாம் ஒருவரே; சிவப்புப் பென்சிலும் நம் கையில்தான் இருந்தது.

காகிதம் உலரும் நேரம்

வேறு வழி தெரியாமல் எழுத உட்கார்ந்தோம். முதலில் பின்னாலிருந்த இலைகளின் பச்சையைத் தண்ணீராக இட்டு, நாரையின் உடம்பை வெறுமையாக விட்டோம். விட்ட இடத்தில் வெள்ளை நாரை எழுந்து நின்றது. வயிற்றின் நிழலுக்கு நீலத்தில் துளி சிவப்பைக் கலந்தோம். கறுப்புக்குக் கறுப்பு வர்ணம் உதவாது. அது கரி பூசியதுபோல் செத்துக் கிடக்கும். அடர்நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் பறவையின் சிறகுக்கு வேண்டிய உயிருள்ள கருமை கிடைக்கிறது. கடைசியில் இளஞ்சிவப்பு. முதல் தடவை கை கனத்து, தாம்பூலம் துப்பியதுபோல் ஆயிற்று. பழந்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, ஒரு சொட்டு வர்ணத்துக்குப் பத்துச் சொட்டு நீர் என்று கரைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இட்டோம். நின்றது.

தை மாதத்துக் காலைக் காற்றில் ஈரம் அதிகம். ஒவ்வொரு பூச்சும் உலரப் பத்து நிமிஷமாயிற்று. அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களில் நம் மனம் சும்மா இருக்கவில்லை.

1621-ஆம் வருஷத்தில் ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் சபைக்கு ஒரு வரிக்குதிரை வந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்த சிலர், யாரோ வர்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்களாம். சக்கரவர்த்தி சிரித்துவிட்டு விட்டுவிடவில்லை. நன்றாகப் பரிசோதித்து, இயற்கை நிறமே என்று கண்டறிந்த செய்தியைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். சபையின் ஓவியராகிய உஸ்தாத் மன்சூர் அந்த வரிக்குதிரையைக் கோடு கோடாக எழுதினார். அந்தப் படம் இன்று லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. டில்லி சக்கரவர்த்தி செய்ததை ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் செய்யவில்லை. அவருக்கு நேரமில்லை, மயிலுக்குப் பரிசு கொடுக்க வேண்டியிருந்தது.

பிராணிகளைப் பார்த்தபடியே எழுதும் கலை நமக்குப் புதியதல்ல. 1777-ஆம் வருஷம் தொடங்கிக் கல்கத்தாவில் பிரதம நீதிபதியின் மனைவியான இம்பே சீமாட்டி, தம் தோட்டத்தில் பறவைகளையும் பிராணிகளையும் வளர்த்துச் சித்திரம் எழுதச் செய்தார். எழுதியவர்கள் பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர். முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். மொகலாயர் காலத்து நுட்பமான கை, சீமைக் காகிதத்தின் மேல் வேலை செய்தது. தொகுதி சீமாட்டியின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் ஓவியர்கள் தங்கள் பெயரைப் படத்திலேயே எழுதி வைத்ததால் இன்றைக்கு அவர்களை அறிகிறோம். நம் தஞ்சையிலும், 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் பிராணிகளையும் செடிகொடிகளையும் சித்திரங்களாக எழுதுவித்தார். அவர் பட்டமேறியதும், வேடந்தாங்கல் உரிமை ஏட்டில் ஏறியதும் ஒரே வருஷம்.

நம் காலத்துக்கு அருகில், 1996 வரை வாழ்ந்த மா. கிருஷ்ணன் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியதோடு, தாமே கோட்டுச் சித்திரமும் வரைந்தார். கண்டதை எழுதுவது, எழுதுவதற்காக மறுபடியும் காண்பது என்ற அந்தப் பழக்கம் ஒரு சிலரோடு நின்றுவிடலாகாது. நம் வீட்டுக் குழந்தை அகரவரிசைப் படப் புத்தகத்தில் பெங்குவினையும் ஒட்டகச்சிவிங்கியையும் அறிகிறாள். பக்கத்து ஏரியில் நிற்கும் பறவைக்குப் பேர் கேட்டால் "கொக்கு" என்கிறாள். எல்லாப் பறவையும் கொக்கு. அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வெயில் ஏறியதும் நாரைகளின் கால்கள் ஏன் இப்படி வெள்ளையாக இருக்கின்றன என்று பார்த்தோம். சிவந்த கால்தான், ஆனால் எச்சம் பூசியிருந்தது. சூடு மிகும்போது நாரை தன் கால்களின் மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும். அந்த ஈரம் உலரும்போது உடம்புச் சூடு தணிகிறது. சுத்தமான சிவப்பில் காலை எழுத நினைத்திருந்த நாம் தூரிகையைக் கழுவிவிட்டோம். அதற்குள் இலை மறைவில் நாரை உட்கார்ந்துவிட்டது. கால்களை வீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கட்டுச் சோற்றை அவிழ்த்தோம். சூரியன் சாயும் வரையில் இருந்தோம். இரை தேடப் போன பறவைகள் சாரி சாரியாகத் திரும்பி வந்து, மேற்கே சிவந்த வானத்தில் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் தன் கொம்பிலேயே இறங்கின. அந்தக் காட்சியை எழுத நாம் முயலவில்லை. பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவப்புப் பென்சில்

திங்கட்கிழமை காலையில் படத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் மனத்துக்குள் ஒரு விவாதம். பையனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதாதா? போதாதென்றே பட்டது. அன்று சிரித்தது வகுப்பு முழுதும் அல்லவா?

ஆகவே எல்லாருக்கும் முன்னால் படத்தை மேஜைமேல் நிறுத்தி, நடந்ததைச் சொன்னோம். "ஆகஸ்டு மாதத்தில் இவன் எழுதிய நாரை சரி, நாம் எழுதிய குறிப்புத் தவறு. நாம் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னோம்" என்று கூறிவிட்டு, அவனைப் பார்த்து, "உன் மாமா ஊர் எது?" என்று கேட்டோம். ஐந்து மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வேடந்தாங்கலுக்கு அடுத்த ஊரின் பெயரைச் சொன்னான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பையன் சந்தோஷப்படுவான், வெட்கப்படுவான், ஒருவேளை கண் கலங்குவான் என்றெல்லாம் நாம் எதிர்பார்த்திருந்தோம். அவனோ நம் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூக்கைப் பார்த்தான், முதுகைப் பார்த்தான், இளஞ்சிவப்பைப் பார்த்தபோது இலேசாகத் தலையை ஆட்டினான். பிறகு புருவத்தைச் சுருக்கி, "சார்..." என்று இழுத்தான்.

"என்ன, சொல்லு."

"கால் தப்பு சார். மனுஷன் மாதிரி முன்பக்கம் மடங்கியிருக்கு. நாரைக்கு அந்த மூட்டு பின்பக்கம்தான் மடங்கும்."

உண்மைதான். பறவையின் காலில் முழங்கால்போல் தோன்றும் மூட்டு அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஏரிக்கரையில் பார்த்து எழுதிய பாகங்களெல்லாம் சரியாக இருந்தன. வீட்டுக்கு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து, நாமே அறிந்ததாக எண்ணி முடித்த இடம் அந்தக் கால் ஒன்றுதான்.

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அவனிடம் கொடுத்தோம். சிறிது தயங்கினான். பிறகு நம் நாரையின் காலை அழகாக ஒரு சுழி சுழித்தான். ஓரத்தில் என்ன எழுதுவதென்று யோசித்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் எழுதாமல் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்தப் படத்தைச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். சிவப்புச் சுழியை அழிக்கவில்லை. வருகிறவர்கள் அதென்ன என்று கேட்டால், நம் குமாரி முந்திக்கொண்டு, "அப்பாவுக்கு அந்த இடத்தில் மார்க் குறைந்துவிட்டது" என்று சொல்லுகிறாள். வருகிற தை மாதத்தில் மறுபடியும் வேடந்தாங்கல் போவதாக ஏற்பாடு. இந்தத் தடவை அந்தப் பையனும் வருகிறான். அவனுடைய மாமா வீட்டில்தான் இறங்கப் போகிறோம். நாரையின் காலை முதலில் எழுதுவதாகத் தீர்மானம்.